ரூட்டர் எழவில்லையா? முதலில் அதைப் பேசவிடுங்கள்

“செத்துவிட்டது” என்று சொல்லி என் கையில் தரப்படும் ரூட்டர்களில் பெரும்பாலானவை சாகவில்லை. உள்ளே இருக்கும் மென்பொருளில் ஒரு பகுதி சிதைந்திருக்கும், மீதி நலமாக இருக்கும். நலமாக இருக்கும் அந்தப் பகுதி, எங்கே தடுக்கிறது என்பதை ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும் எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. கேட்காமலேயே இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு கோப்பை அதற்குள் திணிப்பதால் உண்மையிலேயே சாகும் ரூட்டர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மும்பை மாதுங்காவில் கணினி பழுதுபார்ப்பது என் தொழில். தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் ஒரு மாலைநேரப் படிப்பகம் இருக்கிறது. திருநெல்வேலிக்காரரான ஓர் அண்ணாச்சி அதை நடத்துகிறார். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். பழைய கணினிகள் சில உண்டு. அவற்றுக்கெல்லாம் இணையம் தருவது ஒரே ஒரு ரூட்டர். முன்னாள் மாணவர் ஒருவர் வாங்கித் தந்த நல்ல கருவி அது. மாடியறை வரை வலுவாக எட்டும்.

ஜூலை மழை கொட்டிய ஓர் இரவில் அந்தப் பகுதியில் மின்சாரம் போனது. அதே நேரத்தில்தான் அந்த ரூட்டர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஆள் இல்லாத நள்ளிரவில் ஃபர்ம்வேரை, அதாவது தன் உள் மென்பொருளை, புதுப்பித்துக்கொள்ளும்படி அது முன்பே அமைக்கப்பட்டிருந்தது. காலையில் பார்த்தால் மின்விளக்கு எரிகிறது, சற்று நேரம் கழித்து எல்லா விளக்குகளும் ஒருமுறை மின்னி அணைகின்றன, மறுபடியும் முதலிலிருந்து. வைஃபை பெயரே தென்படவில்லை. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக்கு மும்பையில் ஆன்லைனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகப் பிள்ளைகள் படிப்பகத்தில் காத்திருந்தார்கள். அண்ணாச்சி தொலைபேசியில், “தம்பி, புதுசு வாங்கிவிடட்டுமா, இல்லை இது பிழைக்குமா? அதை மட்டும் சொல்லு” என்றார். அதுவரை யாருடைய கைபேசியிலிருந்தாவது இணையத்தைப் பகிர்ந்து விண்ணப்பங்களை முடிக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எந்த ரூட்டரும் பழுதானால் நான் முதலில் தொடுவது அடாப்டரை. மென்பொருள் சிதைந்தால் ரூட்டர் திரும்பத் திரும்ப எழுந்து விழும். அடாப்டர் பலவீனமானாலும் அப்படியேதான் நடக்கும். கழற்றி வைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டும் அடாப்டர், ரூட்டரில் செருகியதும் 9 வோல்ட்டுக்குச் சரிவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் ரூட்டரோடு இணைந்திருக்கும்போதே அளக்க வேண்டும். மாற்று அடாப்டர் போட்டுப் பார்ப்பதானால் வோல்ட் சமமாக இருக்க வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். நடு ஊசி நேர்மின்முனையா என்பதை அடாப்டர் மேல் அச்சிட்டிருக்கும் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடாப்டரைத் திறக்க வேண்டாம். அதற்குள் 230 வோல்ட் இருக்கிறது. படிப்பகத்து அடாப்டர் அசையாமல் நின்றது. அப்படியானால் கோளாறு உள்ளேதான்.

இந்த இடத்தில் ரூட்டருக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதெல்லாம் இதைப் பொறுத்ததுதான்.

சாதாரண வீட்டு ரூட்டரில் எட்டுக் கால்களோடு ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப் இருக்கும். பெரும்பாலும் 8 அல்லது 16 மெகாபைட். பழைய மலிவுக் கருவிகளில் 4 மட்டுமே. அதில் தொடக்கத்தில் இருப்பது பூட்லோடர். பல கருவிகளில் அது யூ-பூட். பழைய பிராட்காம் கருவிகளில் சிஎஃப்இ. மின்சாரம் வந்ததும் நினைவகத்தை எழுப்பி, அடுத்த பகுதியைச் சரிபார்த்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பது அதன் வேலை. அதை அடுத்து லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம். அதற்கடுத்து ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற, படிக்க மட்டுமே முடிகிற, சுருக்கப்பட்ட கோப்பமைப்பு. பிறகு நம்முடைய கடவுச்சொல், வைஃபை பெயர் ஆகியவை அடங்கிய அமைப்புப் பகுதி. ஏத்ராஸ் சிப் உள்ள பல கருவிகளில் கடைசி 64 கிலோபைட்டில் ரேடியோ பகுதி இருக்கும். அந்தத் தனிக் கருவியின் வைஃபை அளவுத்திருத்த எண்கள் தொழிற்சாலையில் அதில் எழுதப்படுகின்றன. கருவியின் தனி அடையாள எண்ணான மேக் முகவரி சில கருவிகளில் அதிலேயும், சிலவற்றில் பூட்லோடரை ஒட்டியும் இருக்கும்.

மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் மாற்று கிடைக்கும். ரேடியோ பகுதிக்கு மட்டும் உலகில் வேறு பிரதி கிடையாது. அதை அழித்துவிட்டால் ரூட்டர் எழுந்தாலும் வைஃபை நொண்டும், அல்லது வரவே வராது. ஆகவே என் விதி: ஃப்ளாஷில் நாமே நேரடியாக எதையும் எழுதவோ அழிக்கவோ தொடங்கும் முன் உள்ளே இருப்பதைப் படித்து எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆனால் மூடியைத் திறக்காமலே கேட்டுப் பார்க்க ஒரு வழி உண்டு. அதைத்தான் முதலில் செய்தேன். ரூட்டரின் லேன் துளையையும் மடிக்கணினியையும் கேபிளால் இணைத்து, கேபிளில் போகும் தரவுப் பொட்டலங்களைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளை ஓடவிட்டு, ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே ரூட்டரை இயக்க வேண்டும். பூட்லோடர் உயிரோடு இருந்தால், பல கருவிகளில் அது முதல் சில நொடிகளிலேயே “இந்த முகவரியில் யார் இருக்கிறீர்கள்?” என்று ஓர் ஏஆர்பி கேள்வியை அனுப்பும். அந்த முகவரியை மடிக்கணினிக்கு நிலையாகக் கொடுத்துவிட்டு மறுபடி இயக்கினால், அடுத்து டிஎஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறை வழியாகக் கோப்பு ஒன்றைக் கேட்கும். எந்தப் பெயருள்ள கோப்பு வேண்டும் என்பதும் அந்தப் பொட்டலத்திலேயே வெளிப்படையாக எழுதியிருக்கும். ஆட்கள் மணிக்கணக்கில் தேடி அலையும் இரண்டு விவரங்கள் அந்த முகவரியும் கோப்புப் பெயரும். இரண்டையும் ரூட்டரே சொல்லிவிடுகிறது.

ரீசெட் பொத்தானைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே பொத்தானை இரண்டு பேர் இரண்டு நேரங்களில் கவனிக்கிறார்கள். ரூட்டர் முழுதாக எழுந்த பிறகு அழுத்தினால் கவனிப்பது இயங்குதளம். அதுதான் அமைப்புகளைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுபோகிறது. இயக்கும் கணத்திலேயே அழுத்திப் பிடித்தால் கவனிப்பது பூட்லோடர். அது மீட்பு நிலைக்குப் போகிறது. எழவே எழாத ரூட்டரில் பொத்தானைப் பிற்பாடு எவ்வளவு நேரம் அழுத்தினாலும் கேட்க அங்கே ஆள் இல்லை. அண்ணாச்சி காலையிலிருந்து ஊசியை வைத்து அழுத்தியும் எதுவும் நடக்காததற்குக் காரணம் இதுவே.

மீட்பு நிலையின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிபி-லிங்க்கின் பல மாடல்களில் மடிக்கணினிக்கு 192.168.0.66 என்ற முகவரி கொடுத்து டிஎஃப்டிபி சர்வரை ஓட்ட வேண்டும். ரூட்டர் வந்து கோப்பை எடுத்துக்கொள்ளும். டி-லிங்க்கின் பல மாடல்களில் 192.168.0.1 முகவரியில் ஓர் எளிய வலைப்பக்கம் திறக்கும். அதில் கோப்பை ஏற்றினால் போதும். அசுஸ் கருவிகளில் மின்விளக்கு மெதுவாக மின்னும்; அதற்கென அந்த நிறுவனமே தரும் மீட்பு மென்பொருள் உண்டு. நெட்கியருக்கு என்எம்ஆர்பிஃப்ளாஷ், மைக்ரோடிக்குக்கு நெட்இன்ஸ்டால். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் போட்டிருந்தால், எழும்போது விளக்கு மின்னும் வேளையில் பொத்தானை அழுத்தினால் ஃபெயில்சேஃப் நிலை கிடைக்கும், முகவரி 192.168.1.1.

டிஎஃப்டிபி மிகப் பழைய, மிக எளிய நெறிமுறை. இன்று புழங்கும் வடிவம் 1992இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1350. யுடிபி 69ஆம் துறையில் (போர்ட்) 512 பைட் வீதம் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் பெற்றுக்கொண்டே போகும். கடவுச்சொல் கிடையாது, ஒன்றும் கிடையாது. சில கிலோபைட் இடத்துக்குள் அடங்கிவிடும் இந்த எளிமைக்காகத்தான் அதைப் பூட்லோடரில் வைக்கிறார்கள். ஆனாலும் அது நடக்கவில்லை என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் தடை மடிக்கணினிப் பக்கம்தான் இருக்கும். விண்டோஸின் ஃபயர்வால் 69ஆம் துறையை மறிக்கும்; அதற்கு அனுமதி கொடுக்க வேண்டும். வைஃபை இயங்கிக்கொண்டிருந்தால் பதில் அந்தப் பக்கமாகப் போகக்கூடும்; அதை அணைத்துவிடுங்கள். இவற்றைவிட முக்கியமான மூன்றாவது ஒன்று உண்டு. ரூட்டரை அணைத்து இயக்கும்போது கேபிள் இணைப்பு ஒரு கணம் அறுகிறது. மடிக்கணினி அதை உணர்ந்து, மீண்டும் இணைந்து, முகவரியைச் செயல்படுத்தி முடிப்பதற்குள் பூட்லோடர் கேட்டுவிட்டுப் போய்விடும். நடுவில் ஒரு சாதாரண நெட்வொர்க் சுவிட்சை வைத்தால் மடிக்கணினியின் இணைப்பு அறாமல் நிற்கும். சில நூறு ரூபாய் சுவிட்ச் ஒன்று என் பையில் எப்போதும் இருப்பது இதற்காகவே.

படிப்பகத்து ரூட்டர் ஏஆர்பி கேள்வி கேட்டது. எனக்கு அப்போதே பாதி நிம்மதி. பூட்லோடர் நலம் என்றால் சிப்பைத் தனியாக எடுத்து எழுத வேண்டியதில்லை. நிறுவனத்தின் தளத்திலிருந்து அதே மாடல், அதே வன்பொருள் பதிப்புக்கான ஃபர்ம்வேரை இறக்கினேன். பதிப்பு எண் ரூட்டரின் அடியில் ஒட்டிய தாளில் இருக்கும். வி2, வி3 என்று ஓர் எண்தான் வேறுபடும். உள்ளே சிப்பே வேறாக இருக்கும். இதில் யாரும் அலட்சியம் காட்டக் கூடாது. இன்னொன்று: சில நிறுவனக் கோப்புகளின் பெயரில் ‘பூட்’ என்ற சொல் இருக்கும். அவற்றில் ஃபர்ம்வேருக்கு முன்னால் பூட்லோடரும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். வலைப்பக்கம் வழியாக ஏற்றினால் ரூட்டர் தானே பிரித்துக்கொள்ளும். வேறு வழியில் எழுதும்போது அந்த முன்பகுதியை நாம் நீக்க வேண்டியிருக்கலாம். அந்த மாடலுக்கான குறிப்புகளைப் படிக்காமல் அப்படியொரு கோப்பைத் தொடாதீர்கள்.

கோப்பு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. எழுதி முடிக்க ரூட்டருக்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். கோப்பு போய்விட்டதே என்று உடனே மின்சாரத்தைப் பிடுங்கிவிடக் கூடாது; அப்போது அது ஃப்ளாஷை அழித்து எழுதிக்கொண்டிருக்கும். காத்திருந்தோம். தானாக மறுபடி எழுந்தது, விளக்குகள் மின்னின, அணைந்தன. அதே வட்டம் தொடர்ந்தது.

இந்தக் கட்டத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள், அல்லது வேறு வேறு கோப்புகளை ஏற்றத் தொடங்குகிறார்கள். புதிய ஃபர்ம்வேர் முழுதாக ஏறியும் எழவில்லை என்றால், சிதைந்தது ஃபர்ம்வேர் மட்டும் இல்லை என்று பொருள். என்னதான் தடுக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருக்க விருப்பமில்லை. மூடியைத் திறந்து, ரூட்டர் தன் வரிகளை எழுத்தாக வெளியிடும் சீரியல் இணைப்பு வழியாகக் கேட்பது என்று முடிவு செய்தேன்.

என்னிடமிருந்த சீரியல் மாற்றி பழுதாகியிருந்ததால் மாஹிமில் ஸ்லோ லோக்கல் ரயில் பிடித்து கிராண்ட் ரோடு போய், லாமிங்டன் சாலையில் புதிதாக ஒன்று வாங்கினேன். மும்பையில் மின்னணுப் பொருள் என்றால் அந்தச் சாலைதான். டாக்டர் பட்கம்கர் மார்க் என்பது அதன் அதிகாரப்பூர்வப் பெயர். கடைக்காரரிடம் “யூஎஸ்பி டிடிஎல்” என்று சொல்லுங்கள். சிபி2102, சிஎச்340, எஃப்டி232 ஆகிய எந்தச் சிப் இருந்தாலும் சரி, அது 3.3 வோல்ட் நிலையில் வேலை செய்ய வேண்டும். ஒன்பது ஊசி கொண்ட பழைய ஆர்எஸ்-232 கேபிளை நேரடியாக இணைத்தால் ரூட்டரின் சிப் எரிந்துபோகும். அதன் மின்னழுத்தம் பல மடங்கு அதிகம்.

திருகுகள் ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒட்டுத்தாளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். திறந்ததும் பலகையில் நான்கு துளைகள் ஒரு வரிசையில் தெரிந்தன. கிரவுண்ட், விசிசி (மின்சாரம்), டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (பெறுவது) ஆகியவை அவை. எது எது என்று எழுதியிருக்கவில்லை. மின்சாரம் இல்லாத நிலையில், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பலகையின் உலோகக் கவசத்தில் வைத்து மற்ற முனையால் ஒவ்வொரு துளையாகத் தொட்டால், ஒலி எழுப்புவது கிரவுண்ட். பிறகு மின்சாரம் கொடுத்து மற்ற மூன்றையும் அளந்தால், அசையாமல் 3.3 காட்டுவது விசிசி. எழும் நொடிகளில் எண் தத்தளிப்பது டிஎக்ஸ். அங்கேதான் எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. மிஞ்சுவது ஆர்எக்ஸ். கிரவுண்டுக்குக் கிரவுண்ட்; ரூட்டரின் டிஎக்ஸ் மாற்றியின் ஆர்எக்ஸுக்கு; ரூட்டரின் ஆர்எக்ஸ் மாற்றியின் டிஎக்ஸுக்கு. விசிசியை இணைக்கவே கூடாது. ரூட்டருக்கு அதன் சொந்த அடாப்டர் இருக்கிறது.

அண்ணாச்சியின் பேத்தி மின்னணுவியலில் டிப்ளமோ படிக்கிறாள். துளைகளில் ஊசி வைத்துப் பற்றவைத்தது அவள்தான். கை நடுங்காமல் செய்தாள். மடிக்கணினியில் புட்டி என்ற சீரியல் திரை மென்பொருளைத் திறந்து வேகத்தை 115200 என்று வைத்து, ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு ரூட்டரை இயக்கினோம். திரையில் புரியாத குறிகள் கொட்டினால் வேகம் பொருந்தவில்லை என்று அறிய வேண்டும். மீடியாடெக், ராலிங்க் சிப் உள்ள சில கருவிகள் 57600இல் பேசும். எங்களுக்கு முதல் வரியே தெளிவாக வந்தது. யூ-பூட், அதன் பதிப்பு, நினைவகத்தின் அளவு, ஃப்ளாஷின் அளவு. பிறகு கெர்னலைச் சரிபார்க்கும் வரி.

இந்த வரியை நான் எப்போதும் நின்று படிப்பேன். யூ-பூட் ஏற்கும் கெர்னல் கோப்பின் முன்னால் 64 பைட்டில் ஒரு தலைப்பு இருக்கும். அதில் கெர்னலின் நீளமும், சிஆர்சி எனப்படும் சரிபார்ப்பு எண்ணும் எழுதப்பட்டிருக்கும். யூ-பூட் கெர்னலை முழுதும் படித்து, தானே அந்த எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுகிறது. பொருந்தாவிட்டால் ‘பேட் டேட்டா சிஆர்சி’ என்று எழுதி நிற்கும். கெர்னல் சிதைந்திருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இங்கே ‘ஓகே’ என்று வந்தது. கெர்னல் எழுந்தது. ஃப்ளாஷின் பகுதிகளைத் தொடக்க முகவரி, முடிவு முகவரி, பெயர் என்று பட்டியலிட்டது. ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியும் குறையின்றி ஏற்றப்பட்டது. ஆக, டிஎஃப்டிபி வழியாக ஏற்றிய ஃபர்ம்வேர் அப்பழுக்கில்லாமல் இருந்தது.

அதன் பிறகு, அமைப்புகளைப் படிக்கும் நிரல் தொடங்கிய இடத்தில் பிழை. நிரல் சரிந்தது. சற்று நேரத்தில் வாட்ச்டாக் என்ற காவல் ஏற்பாடு ரூட்டரை மறுபடி இயக்கியது. மறுபடி அதே வரிகள். அதே இடத்தில் அதே சரிவு.

“அண்ணே, புது ஃபர்ம்வேர் போட்டும் பழைய அமைப்பு அப்படியே இருக்கிறதா?” என்று அவள் கேட்டாள். அதுதான் விஷயம். மீட்பு நிலை கெர்னலையும் கோப்பமைப்பையும் மட்டும் புதிதாக எழுதியது. அமைப்புப் பகுதியைத் தொடவில்லை. அன்றிரவு புதுப்பிப்பு நடந்தபோது பழைய அமைப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றி எழுதும் நேரத்தில் மின்சாரம் போயிருக்க வேண்டும். ஃப்ளாஷில் எழுதுவதற்கு முன் ஒரு முழுத் தொகுதியை, பெரும்பாலும் 64 கிலோபைட், மொத்தமாக அழித்தாக வேண்டும்; அழித்ததும் எல்லா பிட்டும் 1 ஆகிவிடும். அழித்தலுக்கும் எழுதி முடிப்பதற்கும் இடையில் மின்சாரம் போனால் பாதி எழுத்து, பாதி வெறுமை. அந்தப் பாதியைத்தான் நிரல் படித்துப் படித்துச் சரிந்துகொண்டிருந்தது.

மருந்து எளிது: அமைப்புப் பகுதியை மட்டும் அழித்துவிட்டால், எதுவுமில்லை என்று கண்டு ரூட்டர் தொழிற்சாலை அமைப்பைத் தானே எழுதிக்கொள்ளும். ஆனால் அடுத்தடுத்து ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்கும் தாராவி வீடுகளைப் போல, அமைப்புப் பகுதிக்கு ஒட்டினாற்போல் இருப்பது ரேடியோ பகுதி. 8 மெகாபைட் சிப்பில், கெர்னல் தந்த பட்டியல்படி, பதினாறடிமான எண்ணில் அமைப்புப் பகுதி 7இ0000இல் தொடங்குகிறது, ரேடியோ பகுதி 7எஃப்0000இல். ஓர் எழுத்து மாறினால் உலகில் வேறெங்கும் பிரதியில்லாத பகுதி போய்விடும்.

எனவே முதலில் படித்தோம். யூ-பூட் எழும் அந்த ஒரு நொடியில் விசையை அழுத்தி அதை நிறுத்த வேண்டும். சில கருவிகளில் எந்த விசையும் போதும், சிலவற்றில் குறிப்பிட்ட எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். நின்றதும், நினைவகத்தைக் காட்டும் ‘எம்டி’ கட்டளையில் ரேடியோ பகுதியின் முகவரியைக் கொடுத்து, திரையில் ஓடுவதையெல்லாம் புட்டியில் கோப்பாகப் பதிவு செய்தோம். 115200 வேகத்தில் 64 கிலோபைட்டை எழுத்து வடிவில் இறக்க அரை நிமிடம் போதும். பூட்லோடரையும் சிதைந்த அமைப்புப் பகுதியையும் அவ்வாறே எடுத்தோம். முழு 8 மெகாபைட்டையும் இந்த வழியில் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பொறுமை இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ரேடியோ பகுதியை இரண்டாம் முறையும் இறக்கி, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட்டோம். ரூட்டரின் அடியில் அச்சிட்டிருந்த மேக் முகவரி பதிவுக்குள் இருக்கிறதா என்றும் தேடினோம், இருந்தது. இருந்தால்தான் சரியான இடத்தைப் படித்திருக்கிறோம் என்று நம்பலாம்.

அழிக்கும் கட்டளையை நான் தட்டச்சு செய்தேன்; அவள் தாளில் எழுதி வைத்திருந்த முகவரியை உரக்கப் படித்தாள். யூ-பூட்டில் ஃப்ளாஷின் முகவரி கெர்னல் காட்டும் முகவரியோடு ஓர் அடிப்படை எண்ணைக் கூட்டிய வடிவில் இருக்கும்; ஏத்ராஸ் கருவிகள் பலவற்றில் அது 9எஃப் என்று தொடங்கும். அதையும் சேர்த்து ஒவ்வொரு இலக்கமாகச் சரிபார்த்த பிறகே நுழைவு விசையை அழுத்தினேன். ஒரு தொகுதி அழிந்தது என்று பதில் வந்தது. அது ஒன்றுதானா என்று மறுபடி ‘எம்டி’ கொடுத்துப் பார்த்தோம். அமைப்புப் பகுதி முழுதும் எஃப்எஃப், அதாவது எல்லா பிட்டும் 1. பக்கத்தில் ரேடியோ பகுதி பழையபடியே.

மறுபடி இயக்கியபோது, முன்பு சரிந்த இடத்தைத் தாண்டி வரிகள் ஓடின. வைஃபை விளக்கு எரிந்தது. ரூட்டரின் வலைப்பக்கம் திறந்தது.

இணையம் வர இன்னொரு படி இருந்தது. இணைய இணைப்புக்குள் நுழைய வேண்டிய பிபிபிஓஇ பயனர்பெயரும் கடவுச்சொல்லும் அழிந்த அமைப்போடு போயிருந்தன. இணைய இணைப்புத் தரும் கேபிள்காரரைக் கூப்பிட்டோம், அவரது பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இட்டதும் உடனே இணைந்தது. எங்கள் பகுதியில் பல கேபிள்காரர்கள் வாடிக்கையாளரின் மேக் முகவரியைத் தங்கள் பக்கம் பதிவு செய்து வைக்கிறார்கள். வேறு முகவரியுள்ள கருவி கேட்டால் இணைப்புத் தர மாட்டார்கள். மேக் முகவரி தப்பியிருக்காவிட்டால் ரூட்டர் பிழைத்தும் இணையம் வந்திருக்காது. காரணம் புரியாமல் இன்னொரு சுற்று அலைந்திருப்போம்.

பூட்லோடரே போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் வழி இருக்கிறது. சீரியலில் ஒரு வரிகூட வராமல், மின்விளக்கு மட்டும் எரிந்தால் அந்த நிலை என்று கொள்ளலாம். அப்போது சிஎச்341ஏ எழுதுகருவியையும் எட்டுக் கால் கிளிப்பையும் கொண்டு ஃப்ளாஷ் சிப்பை நேரடியாகப் படித்து எழுத வேண்டும். லாமிங்டன் சாலையில் இவையும் கிடைக்கும். ஆனால் கடைகளில் பரவலாக உள்ள கறுப்புப் பலகையில், சிப்புக்குப் போகும் மின்சாரம் 3.3 வோல்ட்டாக இருந்தாலும் சமிக்ஞைக் கம்பிகளில் 5 வோல்ட் வருகிறது. அது திருத்தப்பட்டதா என்று அளந்த பிறகே பயன்படுத்துங்கள். சில சிப்புகள் 1.8 வோல்ட்டில் ஓடுபவை. அவற்றுக்கு இடையில் ஒரு மாற்றி வேண்டும். சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்து, அதன் தரவுத்தாளைப் பார்க்காமல் கிளிப்பை மாட்ட வேண்டாம். படிக்கும்போது ரூட்டரின் அடாப்டரைக் கழற்றிவிட வேண்டும். ஒரு முறைக்கு இரு முறை படித்து, இரண்டும் பொருந்தினால்தான் கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறது என்று பொருள். அதே மாடலின் முழுப் பிரதியை வேறொருவரிடம் வாங்கினால், அதில் அவருடைய ரேடியோ பகுதியையும் மேக் முகவரியையும் நீக்கி உங்களுடையவற்றை வைத்து எழுதுங்கள். இல்லாவிட்டால் அவருடைய மேக் முகவரியோடு உங்கள் ரூட்டர் எழும்.

ஃபைபர் இணைப்புக்கு நிறுவனம் தந்த பெட்டியில் மட்டும் இவை எதையும் செய்யாதீர்கள். அது அவர்களுடைய சொத்து. அதன் வரிசை எண்ணை வைத்துத்தான் அவர்கள் இணைப்பையே அடையாளம் காண்கிறார்கள். புகார் கொடுத்தால் மாற்றித் தருவார்கள்.

படிப்பகத்தில் இப்போது ரூட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று இருக்கிறது. அண்ணாச்சி அன்றைக்கே பணம் கொடுத்துவிட்டார். தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் புதுப்பிக்காமலே விட்டுவிடக் கூடாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும். பகலில், ஆள் இருக்கும்போது, கேபிள் வழியாகச் செய்ய வேண்டும். அதற்கு முன் அமைப்புகளை வலைப்பக்கத்திலிருந்து கோப்பாக இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்பு, ஃபர்ம்வேர், ரேடியோ பகுதியின் பிரதி மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். பயனர்பெயர், மேக் முகவரி, மீட்பு நிலையில் ரூட்டர் கேட்ட முகவரி, கோப்புப் பெயர் எல்லாம் தாளில் எழுதி அதனுடனே வைத்தாகிவிட்டது.

அந்தப் பெண் இப்போது சயானில் யாரோ கழித்துப் போட்ட ரூட்டர் ஒன்றை வாங்கிவந்து வைத்துக்கொண்டு, அது எழுதும் வரிகளை எனக்கு அனுப்பியிருக்கிறாள். ‘பேட் மேஜிக் நம்பர்’ என்று நிற்கிறது. யூ-பூட் தேடும் இடத்தில் அந்த 64 பைட் தலைப்பே இல்லை என்று அர்த்தம். இருந்தால் முதல் நான்கு பைட்டும் 27 05 19 56 என்று தொடங்கும். அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். முழுதும் எஃப்எஃப் என்றால் பாதி அழிந்த ஃப்ளாஷ். வேறு ஏதாவது எழுத்துகள் தெரிந்தால், யாரோ வேறு மாடலின் கோப்பை ஏற்றியிருக்கிறார்கள், அல்லது யூ-பூட் தவறான முகவரியில் தேடுகிறது. ரேடியோ பகுதியை ஏற்கெனவே இறக்கி வைத்துவிட்டாளாம்.